ஸ்டிக்கின் கனம்

1. பம்ப் ஓடாதபோது

விமானப்படையில், விமானத்தின் உடலைப் பழுது பார்க்கும் ஏர்ஃப்ரேம் ஃபிட்டராக ஹாங்கரில் பாதி ஆயுளைக் கழித்த பிறகு என்னைச் சிமுலேட்டர் செக்‌ஷனுக்கு மாற்றினார்கள். எனக்கு அது பிடிக்கவில்லை. நிஜ விமானத்தில் கை வைத்தவனைப் பொம்மைக்குக் காவல் போடுகிறார்களே என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் போனேன்.

ஏசி போட்ட பெரிய ஹால். நடுவில் போர் விமானத்தின் காக்பிட்டை மட்டும் வெட்டி எடுத்துத் தரையில் போல்ட் போட்டு நிறுத்தியிருந்தார்கள். இறக்கை கிடையாது, வால் கிடையாது. எதிரே வளைந்த திரை. செக்‌ஷனுக்குப் பொறுப்பு ஸ்குவாட்ரன் லீடர் ராகவன். கோயம்புத்தூர்க்காரர், டெஸ்ட் பைலட்டாக இருந்தவர். என் வயதுதான் இருக்கும். யாரையும் 'நீ' என்று சொல்லி நான் கேட்டதில்லை.

“உக்காருங்க பாண்டி. ஸ்டிக்கை இழுங்க” என்றார்.

இழுத்தேன். விமானத்தின் மூக்கைத் தூக்கவும் தாழ்த்தவும் பைலட் பிடிக்கிற அந்தக் கம்பு, அவிழ்ந்த கொண்டை மாதிரி அது பாட்டுக்கு மடியில் வந்து விழுந்தது.

“பம்ப் ஓடல, அதான். இப்ப இழுங்க.”

பின்னால், எண்ணெய் அழுத்தத்தில் இயங்கும் ஹைட்ராலிக் பம்ப் உறுமியது. ஸ்டிக்குக்கு உயிர் வந்தது. அவர் கன்சோலில் விமானத்தின் வேகத்தை ஏற்றினார். மறுபடி இழுக்கச் சொன்னார். கை கொஞ்சம் திணறியது. இன்னும் ஏற்றினார். இந்த முறை இரண்டு கையாலும் பிடித்து, காலை உதைத்துக்கொண்டு இழுக்க வேண்டியிருந்தது.

“இதுக்குப் பேரு கண்ட்ரோல் லோடிங். இந்தக் கனத்தைச் சரியா வச்சுக்கிறதுதான் உங்க வேலை. படம் காட்டுறது ஈஸிங்க. கனம் காட்டுறதுதான் கஷ்டம்.”

இளைய வாசகர்களுக்காகக் கொஞ்சம் விளக்க வேண்டும். ஓடும் பஸ்ஸின் ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டி, உள்ளங்கையைச் சற்றே சாய்த்துப் பாருங்கள். பஸ் ஸ்டாண்டை விட்டுக் கிளம்பும்போது ஒன்றும் தெரியாது. புறவழிச்சாலையில் போகும்போது காற்று கையைப் பிடுங்கும். விமானத்தின் வால் இறக்கைக்கும் அதுதான் கதை. ஜெட் விமானத்தில் அந்தப் பாரத்தை ஹைட்ராலிக் தாங்கிக்கொள்ளும், பைலட்டின் கைக்கு வராது. கைக்கு எதுவுமே வராவிட்டால் அவன் இரண்டு விரலால் இழுத்தே இறக்கையை முறித்துவிடுவான். அதனால் நிஜ விமானத்திலேயே, வேகம் கூடக்கூட ஸ்டிக் கனக்கும்படி ஒரு ஏற்பாடு வைத்திருக்கிறார்கள். அந்தக் கனத்தைச் சிமுலேட்டரிலும் கொண்டுவர வேண்டும். இல்லையென்றால் பைலட்டின் கை தப்பான பாடத்தைப் படித்துவிடும்.

அன்று சாயங்காலமே என் கோபம் போய்விட்டது.

2. சிவப்பு விளக்கு

சிமுலேட்டருக்குச் சொந்த அறிவு கிடையாது. டெஸ்ட் பைலட்டுகள் நிஜ விமானத்தை ஓட்டி அளந்து வந்த கணக்குத்தான் அதன் அறிவு. இந்த வேகத்தில் ஸ்டிக்கை இவ்வளவு இழுத்தால் மூக்கு இவ்வளவு தூக்கும் என்று ஒவ்வொன்றுக்கும் வரைபடத்தில் ஒரு கோடு இருக்கும். மெதுவாகப் பறக்கும்போது நடப்பதையெல்லாம் ஆயிரம் முறை அளந்திருப்பார்கள். அதனால் தரையிறங்குவது, ஏறுவது, வேகம் குறைந்து தொப்பென்று விழுவது எல்லாமே சிமுலேட்டரில் அச்சு அசலாக இருக்கும்.

வேகம் ஒலியின் வேகத்தை நெருங்கினால் கதை மாறும். அதுவும் தாழ்வாக, காற்று கெட்டியாக இருக்கிற உயரத்தில். இறக்கையின் மேல் அதிர்ச்சி அலை உட்கார்ந்துகொள்ளும். விமானத்தைத் தாங்கும் விசை பின்னால் நகர, மூக்கு தானாகக் கீழே தாழும். ஸ்டிக்கை இழுத்தால் வால் இறக்கை அசையும், ஆனால் காற்றைக் கவ்வாது. சில விமானங்களில் இறக்கையே முறுக்கிக்கொள்ளும். டெஸ்ட் பைலட்டுகள் ஓர் எல்லை வரை போய் அளந்துவிட்டுத் திரும்பிவிடுவார்கள். கோடு அங்கே முடிந்துவிடும். அதற்கு மேலே வெறும் காகிதம்தான்.

எங்கள் சிமுலேட்டரில் ராகவன் சார் ஒரு வேலை செய்து வைத்திருந்தார். கோடு முடிகிற வேகத்தை விமானம் தாண்டினால், பேனலில் சிவப்பு விளக்கு எரியும், திரை அப்படியே உறைந்து நின்றுவிடும். பயிற்சி பைலட் ஸ்டிக்கைக் கையில் பிடித்தபடி முழித்துக்கொண்டிருப்பான்.

புதுச் சிமுலேட்டரைப் பரிசோதிக்க வருகிற எல்லோரும் அதற்குத் தெரிந்த வித்தையை ஓட்டிப் பார்த்துக் கைதட்டுவார்கள். ராகவன் சார் உட்கார்ந்ததும் அதற்குத் தெரியாத இடத்துக்கு ஓட்டிக்கொண்டு போவார். தெரியாது என்று ஒத்துக்கொள்கிறதா, இல்லை பசப்புகிறதா என்றுதான் முதலில் பார்ப்பார். அதற்கு அப்புறம்தான் மற்றதெல்லாம்.

ஒரு நாள் எங்கள் விமானத் தளத்தின் பெரிய அதிகாரி ஹாலுக்குள் புயலாக வந்தார். இந்தியில் அவர் கத்தியதைத் தமிழில் எழுதுகிறேன்.

“ராகவன், என் பைலட்டுங்க தலைகீழாப் பாஞ்சு டைவ் அடிக்கிறப்பெல்லாம் உன் மெஷின் செத்துப் போகுது. கோட்டை அப்படியே நீட்டி விட்டுட்டா என்ன?”

“நீட்டலாம் சார். நீட்டினா மெஷின் அழகா டைவ்லேர்ந்து வெளிய வந்துடும். நிஜத்திலயும் வந்துடும்னு பைலட் நம்பிடுவான்.”

“வராதுன்னு உனக்குத் தெரியுமா?”

“தெரியாது சார். அதனாலதான் நிறுத்துறேன்.”

பெரியவர் முறைத்துவிட்டுப் போய்விட்டார். சிவப்பு விளக்கு அப்படியே இருந்தது. அதன் பல்பை மாற்றும் வேலையும் என்னுடையதுதான். மாற்றிக்கொண்டே இருந்தேன், அவ்வளவு எரியும்.

3. வீட்டுக்கு வந்த விமானங்கள்

ஓய்வு பெற்று ராமநாதபுரத்தில் வீடு கட்டிக்கொண்டு வந்துவிட்டேன். சொந்த ஊர் கமுதிக்குப் பக்கம். மிளகாய்க் காடும் பருத்தியும் தம்பி பார்த்துக்கொள்கிறான். இப்போதெல்லாம் யாராவது என்னைப் பார்த்தால் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: கம்ப்யூட்டரில் விளையாடுகிற போர் விமானச் சிமுலேட்டர் நிஜம் மாதிரியே இருக்கிறதாமே?

இருக்கிறது. சும்மா சொல்லக்கூடாது. நான் பார்த்தவற்றில் காக்பிட்டின் ஒவ்வொரு சுவிட்சும் அதனதன் இடத்தில் இருந்தது. என்ஜினை ஸ்டார்ட் செய்யும் வரிசை எங்கள் பயிற்சி வகுப்பு மாதிரியே இருந்தது. மெதுவாகப் பறந்து விழுகிற இடத்தில் நான் பல்லைக் கடித்தேன், அவ்வளவு சரி. அதிவேகத்தில்தான் இடிக்கிறது. முதல் காரணம், கையில் பிடிக்கிற ஜாய்ஸ்டிக்கில் இருப்பது ஒரு ஸ்பிரிங். ஊர்ந்தாலும் பறந்தாலும் அதற்கு ஒரே கனம். இரண்டாவது, நாற்காலி. டைவிலிருந்து வெளியே இழுக்கும்போது நிஜத்தில் உடம்பு ஆறு மடங்கு, ஏழு மடங்கு கனக்கும். தலையை நிமிர்த்த முடியாது, கண் இருட்டும். விளையாட்டில் திரை இருட்டுகிறது, உடம்பு சுகமாக இருக்கிறது. மூன்றாவது அந்தக் கோடு. விளையாட்டு உறைந்து நின்றால் யார் வாங்குவார்கள்? நீட்டித்தான் விடுவார்கள். எழுதியவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவர்கள் கையில் இருந்த கணக்கு அவ்வளவுதான்.

இதையெல்லாம் முதன்முதலில் என்னோடு உட்கார்ந்து பேசியவன் கதிரேசன். எங்கள் பக்கத்து ஊர்ப் பூமிநாதன் அண்ணனின் மகன். மிளகாய் விவசாயி வீட்டிலிருந்து விமானப்படைக்குப் போய் ஃபைட்டர் பைலட் ஆனவன். ஃப்ளைட் லெப்டினென்ட். அவன் பயிற்சி எடுத்தது நான் வேலை பார்த்த அதே சிமுலேட்டரில். லீவில் வந்தால் என் வீட்டுக்கு வராமல் போகமாட்டான்.

“சித்தப்பா, ஒங்க சிவப்பு லைட்டு இன்னும் உசுரோடத்தான் இருக்கு. அதப் பாத்தாலே எங்களுக்கெல்லாம் கடுப்பு” என்று கடைசி லீவிலும் சிரித்தான்.

“கடுப்பாகட்டும்லே. அதுக்குத்தான் வச்சிருக்கு.”

அதுதான் நாங்கள் கடைசியாகப் பேசியது. தரை இலக்கைச் சுடும் பயிற்சியில் டைவ் அடித்த அவன் விமானம் வெளியே வரவில்லை. அவன் பாராசூட்டில் குதிக்கவும் இல்லை.

4. பூமிநாதன் அண்ணனின் சாயங்காலங்கள்

அவன் இறந்து ஒரு வருடம் ஆகித் தலைத்திவசம் நெருங்கிய சமயத்தில் கதிரேசனின் அம்மா ராக்கம்மா மதினி போன் செய்தார்.

“தம்பி, ஒரு எட்டு வந்துட்டுப் போங்க. ஒங்க அண்ணன் ராமேஸ்வரத்துக்கு வர மாட்டேங்குறாரு. பிள்ளைக்குத் தெவசம் குடுக்க மாட்டேன்னு நிக்கிறாரு.”

“ஏன் மதினி?”

“அந்தக் கம்ப்யூட்டரு தம்பி. நீங்க வந்து பாருங்க.” அதற்கு மேல் அழுகைதான் கேட்டது.

மறுநாளே போனேன். களத்தில் குண்டு மிளகாய் காய்ந்துகொண்டிருந்தது, கிளறிவிட ஆளில்லை. பூமிநாதன் அண்ணன் மிளகாயை அப்படிப் போடுகிற ஆள் இல்லை. சின்ன வயதில் எங்கள் காட்டு வரப்பில் நடந்து போகும்போதுகூட, மடை சரியில்லை என்று குனிந்து சரி செய்துவிட்டுப் போவார்.

வாசலில், அண்ணனின் மகளைக் கட்டிய மருமகன் சரவணன் நின்றிருந்தான். சென்னைக் கம்பெனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தே வேலை பார்ப்பவன். மச்சினன் இறந்த பிறகு மாமனாரும் மாமியாரும் தனியாகக் கிடக்கக் கூடாது என்று மனைவியோடு கம்ப்யூட்டரையும் தூக்கிக்கொண்டு இங்கேயே வந்துவிட்டான். என்னைத் தனியாகக் கூட்டிப்போய் எல்லாவற்றையும் சொன்னான்.

“நானும் மச்சானும் நெட்டுல சேந்து வெளையாடுவோம் சின்ன மாமா. அவன் போன பெறகு மனசு கேக்கல. அவன் ஓட்டுன அதே விமானம் இதுல இருக்கு. அதே மாதிரி டைவ் போட்டுப் பாத்தேன். வெளிய வந்துருச்சு. மாமா பின்னாடி நின்னு பாத்துட்டாரு.”

“என்ன கேட்டாரு?”

“இது அவன் ஓட்டுன வண்டிதானான்னு கேட்டாரு. ஆமான்னேன். மறுக்காப் போடுங்கன்னாரு. மறுக்காவும் வந்துருச்சு. அன்னையிலிருந்து தெனம் சாயங்காலம் வந்து ஒக்காந்துக்கிறாரு. போடுங்க மாப்பிள்ளைங்குறாரு. போடுறேன். எப்பப் போட்டாலும் வருது. முடியாதுன்னு சொல்ல எனக்கு வாய் வரல சின்ன மாமா.”

கம்ப்யூட்டர் அறையில்தான் அண்ணன் இருந்தார். திரை அணைந்திருந்தது. அதன் எதிரே நாற்காலியில், துண்டை மடியில் போட்டபடி உட்கார்ந்திருந்தார். மெலிந்துவிட்டிருந்தார்.

“வா தம்பி, இங்கன ஒக்காரு.”

“என்னண்ணே இது? தெவசத்துக்கு வரலைன்னு சொன்னீங்களாம்.”

அவர் என்னைப் பார்க்காமலே பேசினார். “பட்டாளத்துக்காரங்க வந்து சொன்னாங்க, காரணம் உறுதியாத் தெரியலைன்னு. எனக்கு அப்பவே சந்தேகந்தான். மனசு நோகக் கூடாதுன்னு மறைக்கிறாகன்னு நெனச்சேன். இப்பக் கண்ணால பாத்துட்டேன். வீட்டுக்குள்ள ஒக்காந்துக்கிட்டு மாப்பிள்ளை இழுக்குறாரு, வந்துருது. இவனுக்கு வரல. சர்க்காரு வண்டியக் குடுத்துச்சு, பயிற்சியும் குடுத்துச்சு, ஊரே மாலை போட்டுச்சு. இவன் தொழிலச் சரியாப் படிக்காமப் போயி விழுந்திருக்கான். எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு நான் கடல்ல எறங்குறது?”

கதவோரம் மதினி நின்றிருந்தார். “அவன் பேரச் சொல்லியே மாசக்கணக்காச்சு தம்பி. அவன், இவன்தான்” என்றார்.

கதிரேசன் எங்கள் வீட்டுத் தட்டில் சாப்பிட்ட பிள்ளை.

5. தெரியாத இடம்

“அண்ணே, நான் ஓட்டிக் காட்டுறேன்” என்று நாற்காலியில் உட்கார்ந்தேன். இந்த விளையாட்டில் குறை இருக்கும், வெளியே வராமல் விழுவதைக் காட்டிவிடலாம் என்று ஒரு எண்ணம். சரவணன் அதே டைவைப் போட்டுக் கொடுத்தான். தரை எழும்பி வந்தது. ஜாய்ஸ்டிக்கை இழுத்தேன். விமானம் சமர்த்தாக மூக்கைத் தூக்கி வெளியே வந்துவிட்டது.

இன்னொரு முறை போட்டேன். தாமதமாக இழுத்தேன். அப்போதும் வந்தது.

“பாத்தியா? ஃபிட்டர் வேலை பாத்த ஒனக்கே வருது” என்றார் அண்ணன்.

அப்போதுதான் ராகவன் சார் ஞாபகம் வந்தது. அதற்குத் தெரிந்த இடத்திலேயே ஏன் சுற்றிக்கொண்டிருக்கிறேன்?

“சரவணா, ஒசரத்தக் கூட்டுப்பா. எவ்வளவு முடியுமோ அவ்வளவு ஒசரத்துல வையி.”

வைத்தான். என்ஜின் வேகத்தைக் கூட்டும் த்ராட்டிலை முழுவதும் தள்ளி, மூக்கை நேராகக் கீழே குத்தினேன். வேகம் ஏறியது. எங்கள் சிமுலேட்டரில் சிவப்பு விளக்கு எரிகிற வேகம் எது என்று எனக்குத் தூக்கத்திலும் தெரியும். அதைத் தாண்டியது. இன்னும் ஏறியது. நிஜ விமானம் என்றால் வால் நடுங்கிப் பேனல்கள் பிய்ந்து போகத் தொடங்கியிருக்கும் என்று ஃபிட்டராக எனக்குத் தோன்றிய வேகத்தையும் தாண்டியது. காக்பிட் ஆடவில்லை. திரையில் தரை அகன்று வந்தது. நான் கட்டை விரலாலும் ஆள்காட்டி விரலாலும் மட்டும் ஜாய்ஸ்டிக்கை மெல்லப் பின்னுக்கு இழுத்தேன். விமானம் வெளியே வந்து, மேலே ஏறி, நேராகப் பறந்தது.

அண்ணன் முன்னால் குனிந்து பார்த்தார். “இப்ப எம்புட்டு வேகத்துல போச்சு?”

“நெசத்துல இந்த விமானம் போகவே முடியாத வேகம்ணே.”

“போக முடியாத வேகத்துல போச்சா? போயிட்டு ஒன்னும் ஆகாமத் திரும்பி வந்துருச்சா?”

“ஆமா.”

“ஒரு அலுங்கு அலுங்கலையே.”

“அலுங்காதுண்ணே. இந்த வெளையாட்டுல, ரொம்ப இழுத்தா எறக்க முறியும்னு எழுதி வச்சிருக்காங்க. ரொம்ப வேகமாப் போனா என்ன ஆகும்னு எழுதல. ஏன்னா யாருக்கும் தெரியாது. அம்புட்டு வேகத்துல போயிட்டு வந்து சொன்ன ஆளு இல்ல.”

“அப்ப இதுக்கு மட்டும் எப்படித் தெரியுது?”

“இதுக்கும் தெரியாது. தெரிஞ்ச வரைக்கும் ஒரு கோடு போட்டிருக்காங்க. அதுக்கு அங்கிட்டு அதே கோட்ட நீட்டி விட்டுட்டாங்க. கதிரேசன் டைவ் அடிச்ச வேகம் அந்தக் கோடு முடியுற எடத்துக்கிட்டத்தான் இருந்திருக்கும். இது அங்கன சொல்றதெல்லாம் ஊகந்தான்.”

அண்ணன் துண்டால் முகத்தைத் துடைத்தார். “போன வருசம் பெஞ்ச மழையப் பாத்து இந்த வருசம் வெதைக்கச் சொல்றாப்புல.”

“அதேதாண்ணே.”

பிறகு நான் கேட்டேன்: “பட்டாளத்துக்காரங்க வேற என்ன சொன்னாங்க? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க.”

“என்னென்னமோ சொன்னாக. எனக்கு என்ன வெளங்குச்சு? வாலு எறக்கைய எடுத்தாகளாம். அது முழுசா மடங்குன வாக்குல கெடந்துச்சாம்.”

“மடங்குனதுன்னு சொன்னாங்களா? இல்ல, மூக்கத் தூக்குற பக்கமா முழுசாத் திரும்பி இருந்துச்சுன்னா?”

அறையில் இருந்த சரவணன்தான் பதில் சொன்னான். “நானும் இருந்தேன் சின்ன மாமா. ஃபுல் அப்னுதான் சொன்னாங்க. அடிபட்டதுல அப்படி ஆயிருக்கும்னு நானும் நெனச்சேன்.”

ஹாங்கரில் கிடந்த அத்தனை வருடமும் அந்த ஒரு நிமிடத்துக்காகத்தான் என்று இப்போது தோன்றுகிறது. வால் இறக்கையை அசைக்கிற ஹைட்ராலிக் ஜாக்கை என் கையால் எத்தனையோ முறை கழற்றி மாட்டியிருக்கிறேன். விமானம் மோதுகிற நொடியில் அது எந்த நிலையில் இருந்ததோ, அதன் தழும்பு உள்ளே பதிந்துவிடும். விசாரணைக்காரர்கள் அதைப் பார்த்துத்தான் சொல்வார்கள், வெளியே கிடக்கிற தகரத்தைப் பார்த்து அல்ல.

“அண்ணே, கேளுங்க. ஸ்டிக்க இழுத்தாத்தான் அந்த வாலு அப்படித் திரும்பும். தரையில படுற வரைக்கும் அது முழுசாத் திரும்பித்தான் இருந்துச்சுன்னா, படுற வரைக்கும் அவன் கை இழுத்துக்கிட்டுத்தான் இருந்துச்சு. நான் இங்கன ரெண்டு வெரலால இழுத்தேன். ஓடுற பஸ்ஸுல கைய வெளிய நீட்டுனா காத்துப் புடுங்குமே, அந்த மாதிரி அவனுக்கு அங்கன ஸ்டிக்கும் கனம், அவன் கையும் கனம். ஒடம்பு மூட்டை மாதிரி அமுக்கும். அதையும் மீறிக் கடைசி வரைக்கும் இழுத்திருக்கான். விட்டுட்டுக் குதிக்கல.”

மதினி கதவைப் பிடித்துக்கொண்டு கீழே உட்கார்ந்துவிட்டார்.

அண்ணன் என் முகத்தை நேராகப் பார்த்துக் கேட்டார்: “அப்ப அவன் மேல தப்பே இல்லன்னு சொல்லு. அத நீ சொல்லு தம்பி, நான் கெளம்பிர்றேன்.”

மதினியின் கண்ணும் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தது. ஒரு வார்த்தைதான். சொல்லியிருந்தால் யாரும் என்னைக் கேட்கப்போவதில்லை. நாக்கு நுனி வரை வந்தது. ஆனால் அவன் எப்போது இழுக்கத் தொடங்கினான்? ஒரு நொடி முன்னதாக இழுத்திருந்தால் வந்திருக்குமா? இழுத்தும் வால் கவ்வவில்லையா? வேறு ஏதாவது பழுதா? எனக்குத் தெரியாது. இப்போது தப்பே இல்லை என்று நான் சொன்னால், அந்தக் கம்ப்யூட்டர் செய்ததைத்தான் நானும் செய்கிறேன். என் பேச்சும் அதே மாதிரி நீட்டிவிட்ட கோடுதான்.

“அது தெரியலண்ணே” என்றேன். “கடைசி வரைக்கும் இழுத்தான். அது தெரியும். ஏன் வெளிய வரலைன்னு தெரியல. மறைக்கல, நெசமாவே தெரியல. பட்டாளத்துக்காரங்களும் ஒங்ககிட்ட மறைச்சிருக்க மாட்டாங்க. தெரியாத எடத்துல நின்னிருக்காங்க.”

அவர் எழுந்து வெளியே போய்விட்டார். கெடுத்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன். ஜன்னல் வழியாகப் பார்த்தபோது களத்தில் குனிந்து, மிளகாயைக் காலால் தள்ளித் தள்ளிக் கிளறிக்கொண்டிருந்தார். சொல்லாமல் கொள்ளாமல் நான் பஸ் ஏறிவிட்டேன். வழியெல்லாம், பொய்யையே சொல்லித் தொலைத்திருக்கலாமோ என்று மனசு அடித்துக்கொண்டது.

6. பாம்பன் பாலத்துக்கு அப்பால்

திவசத்துக்கு முந்தின நாள் போன் வந்தது.

“தம்பி, வேன் சொல்லிருக்கேன். ராம்நாட்டுல ஒன்ன ஏத்திக்கிறோம். வாரியா?”

“வாரேண்ணே.”

வேனில் அண்ணன் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். பாம்பன் பாலத்தில் ஏறியதும் கடல் காற்று வேனையே ஒரு பக்கம் தள்ளியது. அவர் கண்ணாடியைத் தள்ளிவிட்டு வலது கையை வெளியே நீட்டினார். உள்ளங்கையைச் சாய்த்தார். காற்று கையைப் பின்னால் அடித்தது. மறுபடி முன்னால் கொண்டுவந்து சாய்த்தார். தோள் நடுங்கியது.

“அய்யா, கைய உள்ள எடுங்க” என்றாள் மகள்.

“இருத்தா.” டிரைவரிடம், “இன்னுங் கொஞ்சம் வேகமாப் போப்பா” என்றார். அவன் போனான். அண்ணன் பல்லைக் கடித்துக்கொண்டு கையைக் காற்றுக்குள் பிடித்திருந்தார். பாலம் முடிகிற இடத்தில் கையை உள்ளே எடுத்து மடியில் வைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார். மகன் இறந்ததற்கு அவர் அழுது நான் பார்த்தது அப்போதுதான். சரவணன் அந்தக் கையை எடுத்துத் தன் கையில் வைத்துக்கொண்டான். அவர் விலக்கவில்லை.

இளைய வாசகர்கள் என்னிடம் பாடம் கேட்டால் ஒன்றுதான் சொல்வேன். எந்தச் சிமுலேட்டர் எவ்வளவு நிஜம் என்று அறிய வேண்டுமா, அதற்குத் தெரியாத இடத்துக்கு ஓட்டிப் பாருங்கள். அங்கே அது நின்றால் அதை நம்பலாம். மனிதர்களையும் நான் அப்படித்தான் பார்க்கிறேன். தெரியவில்லை என்று சொல்வது அன்று எனக்கு ஸ்டிக்கை இழுப்பதைவிடக் கனமாக இருந்தது.

அக்கினி தீர்த்தத்தில் கூட்டம் இருந்தது. ஈர வேட்டியோடு அண்ணன் கரையில் உட்கார்ந்தார். புரோகிதர் தர்ப்பையைக் கொடுத்து, எள்ளும் தண்ணீரும் விட்டு, “யாருக்கு?” என்றார்.

“மகனுக்கு.”

புரோகிதர் குரலைத் தாழ்த்தி, “பேரைச் சொல்லுங்கோ” என்றார்.

“ஃப்ளைட் லெப்டினென்ட் கதிரேசன்.”

புரோகிதர் மந்திரத்தைத் தொடங்கி, கதிரேசன் என்று மட்டும் சேர்த்தார். அண்ணன் கையைத் தூக்கி அவரை நிறுத்தினார்.

“முழுசாச் சொல்லுங்க சாமி.”

அவர் அண்ணனின் முகத்தைப் பார்த்தார். பிறகு முதலிலிருந்து மறுபடி ஆரம்பித்து, சமஸ்கிருதத்துக்கு நடுவே நாக்கு இடற, “ஃப்ளைட் லெப்டினென்ட் கதிரேசன்” என்று முழுவதுமாகச் சொன்னார். அண்ணனும் கூடவே, பக்கத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்க்கும்படி, சத்தமாகச் சொன்னார். சொல்லிவிட்டுப் பிண்டத்தை எடுத்துக்கொண்டு கடலில் இறங்கினார்.